ஞானஸ்நானம் பெறாதார் வம்சாவளி

மலாயாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஒரு குடும்பத்தின் வேரைத் தேடப் புகுவோர்க்கு வழிகாட்டுதல் இச்சிறுநூலின் நோக்கம். தேடுவோர் முதலில் செய்யத்தக்கது, தம் முன்னோர் வெள்ளைக்காரர்தாமா என்று விசாரித்துக்கொள்வது. ஆம் என்றால் வேலை பாதி முடிந்தது.

காரணம் கூறுவோம். 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், இங்கிலாந்தின் ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் புத்தகத்தில் பதிந்துவைக்க ஆணையிட்டார். இரண்டே ஆண்டில் அவர் தலை போயிற்று, ஆணை நிலைத்தது. 1678-ல் வந்த சட்டமோ, பிணத்தைக் கம்பளித் துணியில்தான் சுற்ற வேண்டும் என்றது. உள்நாட்டுக் கம்பளி வியாபாரம் படுத்துவிடக் கூடாதல்லவா? சுற்றியதற்கு ஒருவர் சத்தியம் செய்ய, அதையும் பாதிரியார் குறித்துக்கொண்டார். ஆகவே அந்நாட்டுக் குக்கிராமத்துக் குடியானவன் ஒருவன் என்றைக்குக் குழிக்குள் போனான் என்பதோடு, எதை உடுத்திப் போனான் என்பதும் இன்றைக்குத் தெரியும். இந்தப் பழக்கம் கப்பலும் ஏறிற்று. சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற வெள்ளைக் குழந்தைகளின் 1698 முதலான பட்டியல் நகல் லண்டனில் பத்திரமாக இருக்கிறது.

இனி நெகிரி. 1869-ல் இலங்கையில் காப்பி இலையைத் துருநோய் பிடித்தது. தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் படுக்க, துரைமார் வேறு மண் தேடினர். அப்படி வந்த தாமஸ் ஹெஸ்லாப் ஹில், சுங்கை ஊஜோங்கில் லின்சம் தோட்டத்தில் காப்பி போட்டார். அவருடைய கூட்டாளி ஆம்புரோஸ் ராத்போர்ன், மலாயாக் காடுகளில் தாம் அலைந்ததை 1898-ல் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். இவ்வகைத் துரை ஒருவருக்குச் சொந்த ஊர்ப் பங்குப் புத்தகத்தில் ஒரு வரி, கப்பலில் வந்திறங்கினால் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் ஒரு வரி, செத்தபின் கல்லில் நாலு வரி, உயிலில் நாற்பது வரி என்று தடயம் கிடைக்கும். கல் சாய்ந்தாலும் கவலையில்லை. தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியக் கல்லறைகளைக் கவனிப்பதற்கென்றே 1976-ல் பிரிட்டனில் ஒரு சங்கம் எழுந்தது. பக்கத்து மலாக்காவின் கிறித்துவக் கல்லறைகளுக்கு அது தனிப் புத்தகமே போட்டிருக்கிறது.

அதே சிங்கப்பூர்ப் பத்திரிகையின் கப்பல் செய்தியில், துரைகள் துரைசானிகளின் பெயர்களுக்குக் கீழே ‘டெக் பிரயாணிகள்’ என்று ஓர் எண் இருக்கும். கூலியாக வந்த நம் தமிழர் அந்த எண்ணுக்குள் இருக்கிறார். ஆராய்ச்சி இவ்விடத்தில் சற்றே கடினமாகிறது.

தமிழரில் சிலருக்கு விலக்கு உண்டு. கத்தோலிக்கராயின் பாரிஸ் மறைபோதக சபைச் சாமியார் லத்தீனில் பதிந்திருப்பார். அங்கே போய் ராயப்பனைத் தேடினால் அகப்படமாட்டார், பெத்ருஸைத் தேட வேண்டும். யாழ்ப்பாணத்தார் இன்னொரு வகை. 1891-ல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிய காலத்திலும் அதற்குப் பின்னும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் மலாய் நாடுகளுக்கு வந்தவர்கள். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பள்ளிகளில், படிப்புச் செலவைக் கொடுத்த அமெரிக்கரின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அவ்வாறு பெயர் பெற்றவர்களே. எனவே தாத்தாவின் பெயரில் நெவின்ஸ் என்று கண்டவர்கள் பாஸ்டனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ஏனையோர் மாரியம்மனின் பொறுப்பில் இருந்தனர். அவள் தீ மிதித்தவர் பெயரை எழுதிவைப்பவள் அல்லள். தோட்டத்து எல்லையில் புதைத்து, மண்ணைக் குவித்து ஒரு கல்லை நட்டால் அதுவே கல்வெட்டு. எழுத்து மட்டும் இராது. சாவைப் போலீஸ் ஸ்டேஷனில் பதிந்திருந்தால், காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘காய்ச்சல்’ என்று காணலாம்.

பெயர் கிடைத்தாலும் பயன் குறைவு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயர் மகனுக்கு ஒட்டு, அதுவும் ஒரு தலைமுறைக்குத்தான். பேரன் பெயரெடுக்கும்போது பாட்டன் கழன்றுவிடுகிறார். போதாக்குறைக்குக் கிராணி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே ராமசாமி பிறப்பில் ஓர் எழுத்துக்கூட்டிலும், கல்யாணத்தில் வேறொன்றிலும், சாவில் மூன்றாவதொன்றிலும் நிற்பார். இவர்களை மூவர் எனக் கொண்டு, முதலாமவர் சாகவேயில்லை, மூன்றாமவர் பிறக்கவேயில்லை என்ற முடிவுக்கு வருவதும் ஆராய்ச்சியில் சேர்ந்ததே.

அப்படியானால் ராமசாமி எங்கும் எழுதப்படவில்லையா எனின், எழுதப்பட்டார். நாள் தவறாமல் எழுதப்பட்டார். விடியற்காலை ஆளெண்ணும் பெரட்டில் வந்தாரா, வரவில்லையா, அரைநாளா என்று வருகைப் பதிவேடான செக்ரோல் சொல்லும். இங்கிலாந்தின் எந்தப் பங்குப் புத்தகமும் ஓர் ஆளைத் தினந்தோறும் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. கங்காணிக்கு வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று நாள்தோறும் தலைக்காசு உண்டாகையால், தலை எண்ணிக்கையில் பிழை வருவது அரிது. சஞ்சிக்கூலி எனும் ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் தடைசெய்யப்பட்டது. கங்காணி ஆள்கட்டுவது 1938-ல் இந்திய அரசு நிறுத்தும்வரை நடந்தது. தொடக்க காலத்தில் கங்காணியின் கடன் நோட்டில் முன்பணம், கப்பல் செலவு, வழியில் வாங்கிய வேட்டி எல்லாம் ஊர்ப் பெயரோடு ஏறின. வேட்டிக்கும் பதிவுண்டு என்பதைக் கவனிக்க. வெள்ளைக்காரன் செத்தபின் உடுத்தியது அங்கே; தமிழன் உயிரோடிருக்கையில் கடனுக்கு உடுத்தியது இங்கே.

ஆகவே நூலாசிரியரின் துணிபு: துரையைக் கடவுளின் பேரால் எழுதினார்கள், கூலியைக் கடனின் பேரால் எழுதினார்கள். கோயிலில் தேடாதீர், கணக்கில் தேடுக.

இதற்கு வலுவான சான்று மொய் நோட்டு. லயத்தில் நடந்த கல்யாணமானாலும் அதில் பெயர், அப்பன் பெயர், தோட்டம், பல வேளைகளில் இந்தியாவில் உள்ள ஊர் எல்லாம் இருக்கும். எந்த ராமசாமி என்று தெரிந்தால்தானே திருப்பிச் செய்ய முடியும்? பங்குப் புத்தகத்தில் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொன்னவர்கள் உண்டு. மொய்யில் இரண்டு வெள்ளி போட்டுவிட்டு ஐந்து என்று எழுதச் சொன்னால் அடுத்த வீட்டார் விடமாட்டார்கள். 1950-களில் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியதையடுத்து, 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். அவ்வாறு தமிழனுக்கும் ஒரு பங்குப் புத்தகம் வாய்த்தது.

லாபு, நீலாய், செண்டாயான் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் குடியிருப்பு வந்தது. எழுத்தில்லாத கற்களை இனிமேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆதலால் பழைய பேப்பர் வாங்கும் ‘பேப்பர் லாமா’ லாரி வாசலில் நிற்கும்போது மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாட்டியிடம் பிறந்த தேதி கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார். நம்மவர் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள் என்று கேளுங்கள். கங்காணியின் பெயரும் ஊரும் தொகையும், அவர் செய்த அநியாயமும் சேர்த்துச் சொல்வார். எழுதிக்கொள்ளுங்கள்.