உருமாவை எண்ணு, அடுப்பாங்கரையையும் எட்டிப் பாரு

ஆர்.ஐ. ஆயிட்டியாமே தம்பி. சந்தோசம். விசிட்டிங் கார்டுகூட அடிச்சுட்டியாம்லா? 'முதுநிலை வாரிசுரிமைப் புலனாய்வாளர்'னு. வருவாய் ஆய்வாளர்னு சர்க்கார் குடுத்த பேரு போதலையாக்கும்? தோள்ல பை, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. எழவு வீட்டுக்குப் போறியா, சினிமாவுல துப்புத் துலக்கப் போறியா?

நான் தலையாரி வேலை பாத்தவன் டே. கணக்குப்பிள்ளை முன்னால போனா நான் பின்னால. 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆரு பரம்பரைக் கர்ணம், முன்சீப்பு எல்லாத்தையும் ஒரே உத்தரவுல எடுத்துட்டாரு. அப்புறம் பரீட்சை எழுதி வந்த வி.ஏ.ஓ. பின்னால நடந்தேன். முன்னால போற ஆளு மாறுனான். செத்தவன் வீட்ல நடக்கிற கூத்து மாறலை.

இப்ப இ-சேவை மையத்துல மனு ஏறுது. வி.ஏ.ஓ. பாக்கான், உனக்குத் தள்ளுதான், நீ தாசில்தாருக்குத் தள்ளுதே. திரையில வாரிசு மூணு பேருன்னு இருக்கு. நீயும் நம்பிட்டே. மனுப் போட்டவன் அண்ணங்காரன். அவனுக்கும் தம்பிக்கும் வரப்புத் தகராறு. தம்பி பேரை அவன் கையால எழுதிருவானா?

கேட்டுக்கோ. முதல்ல ஊர் முக்குல தொங்குற கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸைப் படி. கருமாதி முடிஞ்சு மூணு மாசமானாலும் அதை ஒருத்தனும் அவுக்க மாட்டான். மகன், மருமகன், பேரன், பேத்தின்னு வரிசையா படம் போட்டிருக்கும். ஒரு பேருக்கு மேல வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கா? அங்கதான் உன் விசாரணை ஆரம்பம். அடுத்தது அந்த வீட்டுக் கல்யாண மொய் நோட்டு. ரேசன் கார்டு பொய் சொல்லும், ஆதார்ல பிறந்த தேதி தப்பா இருக்கும். மொய் நோட்டுல தப்பு இருக்காதுடே, ஏன்னா அது திரும்பி வரவேண்டிய பணம்.

பதினாறாம் நாள் தாய்மாமன் யார் யாருக்கு உருமா கட்டுனான்னு கேளு. கட்டுன தலை எத்தனையோ, மகன் அத்தனை. வெளியூர்ல இருக்கிற சின்ன வீட்டு மகன் தலையிலயும் ஒரு உருமா ஏறியிருந்தா, ஊர் அவனை ஒத்துக்கிட்டுன்னு அர்த்தம். அப்பன் அவன் ஆத்தாளுக்குத் தாலி கட்டியிருந்தா, சட்டமும் அப்பன் சொத்துல அவனுக்குப் பங்கு குடுக்குது. முதல் தாரம் இருக்கையில கட்டுனதுன்னா அவன் ஆத்தாளுக்குத்தான் ஒண்ணுமில்லை.

உருமாவை மட்டும் எண்ணிட்டு வந்துராத, அது ஆம்பளைக் கணக்கு. பொம்பளைக் கணக்குக்கு அடுப்பாங்கரைக்குப் போகணும். அங்கன பாத்திரம் கழுவிட்டு இருப்பாளே, கட்டிக்குடுத்த மக. அவளைக் கேட்டா, 'அண்ணன் பாத்துக்கிடுவாரு'ம்பா. பாத்துக்கிடுவான், பாத்துக்கிடுவான். 1989லயே நம்ம மாநிலத்துல மகளுக்கும் பூர்வீகச் சொத்துல பங்குன்னு சட்டம் வந்துட்டு. அதுக்கு முன்னாடி கட்டிக்குடுத்தவளுக்குக் கிடையாதுன்னு அதுல ஒரு வாலு. 2005ல டெல்லிக்காரனும் முழிச்சான். அந்த வருசம் அப்பன் உசிரோட இருந்தானா இல்லையான்னு பாக்கவே வேண்டாம்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டு அடிச்சுச் சொல்லிட்டு. இந்தச் சேதி கோர்ட்டுல இருந்து அடுப்பாங்கரைக்கு வந்து சேர எத்தனை வருசம் ஆகுமோ.

அப்புறம் திண்ணையைப் பாரு. பாம்படம் இழுத்த காதோட ஒரு கிழவி வெத்தலை இடிச்சுக்கிட்டு இருப்பா. உள்ள போற எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போறான். அவ செத்தவனைப் பெத்தவ டே! பொண்டாட்டி, மகன், மக, பெத்த தாய்னு 1956ஆம் வருசத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துல அவளும் முதல் வகுப்பு. அப்பன்காரன்கூட ரெண்டாம் வகுப்புதான். 'கிழவிக்கு எதுக்கு சார் பங்கு, வாரத்துக்கு ஒருக்கா டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போறது நாங்கதானே'ம்பான். சிரிச்சுக்கிட்டே அவ பேரையும் எழுது.

சிக்கல் எங்கன வரும் தெரியுமா? புருசனும் பிள்ளையும் இல்லாத பொம்பளை உயில் எழுதாமச் செத்தா. அவ அப்பன் வழியில வந்த வயலு அப்பன் வாரிசுக்குத் திரும்பும். புருசன் வழியில வந்த வீடு புருசன் வாரிசுக்கு. சரி, நியாயம். ராத்திரி பகலா பீடி சுத்தி, வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அவளே வாங்குன மூணு சென்டு? அதுவும் புருசன் ஆளுகளுக்குத்தானாம், அதே சட்டத்துல 15ஆம் பிரிவு. கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்துன தங்கச்சி வாசல்ல நிப்பா. எட்டிப் பாக்காத கொழுந்தன் மகன் பத்திரத்தோட வருவான். சட்டம் எழுதுனவன் வீட்ல பீடி சுத்துற பொம்பளை இல்லை போல. உன் கையில என்ன இருக்கு? எந்தச் சொத்து எந்த வழியில வந்ததுன்னு மூலப்பத்திரத்தைத் தேடி ஒழுங்கா எழுதலாம். அதுக்கு பரண்ல ஏறணும். சட்டையில தூசி படும். பரவாயில்லையா?

பரண்ல ஏறுனா மஞ்சப்பையும் கிடைக்கும். அதுக்குள்ள செல்லரிச்ச பாஸ்புக் இருக்கும். 10 வருசம் ஒருத்தனும் தொடாத கணக்குப் பணம் ரிசர்வ் பேங்கு நிதிக்குப் போயிரும். போனாலும் வாரிசு கேட்டு வாங்கலாம். அதைத் தேடவே 2023ல 'உத்கம்'னு ஒரு தளம் தொறந்திருக்கான். உன் போனை இதுக்கும் கொஞ்சம் தட்டேன்டே. நாமினின்னு பேரு இருந்தா பணம் அவனுக்கேன்னு ஒருத்தன் குதிப்பான். நாமினி கை நீட்டி வாங்கத்தான். பங்கு வாரிசுக்கு.

லண்டன்ல வாரிசில்லாமச் செத்தவங்க பட்டியலை சர்க்காரே வெளியிட்டிருக்காம். செத்து 30 வருசம் வரைக்கும் சொந்தக்காரன் வந்து கேக்கலாமாம். இங்கயும் வாரிசே இல்லைன்னா சொத்து சர்க்காருக்குத்தான். ஆனா இங்கன எவனுக்கு வாரிசு இல்லாமப் போகுது? நாலு ஏக்கர் நஞ்சை இருந்தா, மழைக்குக் காளான் முளைச்ச மாதிரி பங்காளி முளைப்பான். ஓட்டைக் குடிசையில செத்தவனுக்குத்தான் கொள்ளி வைக்கக்கூட ஆளைத் தேடணும்.

இன்னும் ஒரு வகை உண்டு. பம்பாய்க்குப் போனவன். கடுதாசி இல்லை, போன் இல்லை. 7 வருசம் சேதியே இல்லைன்னா செத்தவனா வச்சுக்கிடலாம்னு சட்டம். வீட்டுக்காரங்க கோர்ட்டுக்குப் போயி அப்படி ஒரு தீர்ப்பும் வாங்கிட்டு வருவாங்க. நீயும் வாரிசுகளை எழுதிக் குடுத்துருவே. எட்டாம் வருசம் பொங்கலுக்கு அந்த ஆளு டிரங்குப் பெட்டியோட பஸ்ஸை விட்டு இறங்கி, 'எம் பேருல பட்டா எங்கடே'ன்னு கேட்டா, இ-சேவையில அதுக்கு எந்த மனுவை அமுக்குவே?