சதைத்துண்டுக்கு ஒரு கையெழுத்து

1980களின் கடைசியில், யாழ்ப்பாணத்தில் மாமியின் மார்பிலிருந்து எடுத்த கட்டியை ஃபார்மலின் போத்தலில் போட்டு மாமாவின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மடியில் வைத்தபடி கொழும்புக்குக் கொண்டுபோனார். சோதனைச் சாவடிகளில் போத்தலைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. முடிவு வர வாரக்கணக்காயிற்று. மிச்சத் துண்டு எங்கே போனதென்று நாங்கள் கேட்கவேயில்லை. பார்த்துச் சொல்ல ஒருவர் கிடைத்ததே அன்று பெரிய விஷயம்.

இன்று ஸ்காபரோவில் குடியிருந்து, ரொறொன்ரோ ஆய்வுகூடமொன்றில் அப்படி வந்துசேரும் சதைத்துண்டுகளைப் பரிசோதனைக்குத் தயார்செய்கிறேன். ஃபார்மலினில் ஊறிய திசுவின் நீரை அல்கஹோலால் அகற்றி, சைலீனில் தெளியவைத்து, உருகிய மெழுகில் ஊறவிட்டுக் கட்டியாக்குவோம். மைக்ரோடோம் அதை 4 மைக்ரோன் தடிப்பில் சீவும். தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கும் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி நிறமூட்டினால், ஹெமடொக்சிலினில் உயிரணுக்களின் கருக்கள் நீலமாகும், இயோசினில் மற்றவை இளஞ்சிவப்பாகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

ஆராய்ச்சிக்காரருக்கு இது மட்டும் போதாது. ஃபார்மலின் உருவத்தைக் காக்கும், ஆர்.என்.ஏ-யைச் சிதைத்துவிடும். ஆகவே வெட்டியெடுத்த கையோடு ஒரு துணுக்கைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, திசு வங்கியில் மைனஸ் 80 பாகையிலோ அதற்கும் கீழோ வைக்கிறார்கள். நோயறியத் தேவையானது போக மிஞ்சியதே வங்கிக்கு. அதற்கும் நோயாளியிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

அந்த இடத்தில் எங்கள் ஆட்கள் தயங்குகிறார்கள். "என்ர சதையை வச்சு என்ன செய்யப்போகினம்?" என்று ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கும் பக்கத்து அப்பார்ட்மென்ட் அன்ரி கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. 1951இல் அனுமதி கேளாமலே உயிரணுக்கள் எடுக்கப்பட்ட அமெரிக்கப் புற்றுநோயாளி ஹென்றியேற்றா லாக்ஸுக்கு அதைக் கேட்கும் வாய்ப்பே இருக்கவில்லை. அவரது உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் பெருகுகின்றன. ஆனால் நாங்கள் எல்லாரும் விலகி நின்றால் இழப்பும் எங்களுக்குத்தான். மரபணு ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களின் உடலை வைத்துக் கணித்த முடிவுகளையே எங்களுக்கும் பொருத்துகிறார்கள். இந்தக் குறையை நிரப்பத்தான் சென்னை ஐ.ஐ.டி. 2025இல் இந்தியப் பெண்களின் மார்புப் புற்றுநோய் மரபணுத் தரவுகளை வெளியிட்டது.

அன்ரிக்கு விளக்கினேன்: பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடுவார்கள்; மனம் மாறினால் மிச்சத்தை அழிக்கச் சொல்லலாம்; ஆய்வில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதை மட்டும் திருப்பி எடுக்க முடியாது.

"மகளோட இருந்து வாசிச்சிட்டுச் சொல்லுறன்" என்று படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ஒப்பரேஷனுக்கு முதல் சொன்னால் காணும், அன்ரி" என்றேன்.