120 மைக்ரான் மாப்பிள்ளை

ஷார்ஜா

அன்புள்ள மாமாவுக்கு,

"ஒரு பழைய கார் வாங்க இத்தனை மாசமா?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாமே. கார் கிடைக்கிறது மாமா. அது நீச்சல் அடித்த காரா என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

2024 ஏப்ரல் 16 மழையில், 1949 முதல் இங்கே வைத்திருக்கும் மழைக் கணக்கெல்லாம் உடைந்தது. அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல். ரோட்டில் நின்ற வண்டிகள் முழுகின. கழுவித் துடைத்து அத்தர் அடித்துச் சந்தைக்கு வந்தவையும் உண்டு. ஆனால் விற்பவர்களைக் கேட்டால் ஒன்றுகூட நனையவில்லை. "அன்னைக்கு வண்டி ஓமன்ல நின்னுச்சு" என்றார் ஒருவர். அங்கேயும் அதே வாரம் வெள்ளம் என்றேன். "மலை மேல நின்னுச்சு" என்றார்.

அதனால் பெயின்ட் கனம் அளக்கும் கருவி ஒன்று வாங்கினேன். தகரத்தில் வைத்தால் மைக்ரான் கணக்குக் காட்டும். 120 பக்கம் என்றால் கம்பெனி பெயின்ட். 300, 400 என்றால் அடிபட்டுப் பட்டி பார்த்தது. சூக் அல் ஹராஜ் பழைய கார் சந்தையில் ஒரு வண்டியின் கதவு 410 காட்டியது. "கம்பெனியிலேயே தாராளமா அடிச்சுட்டாங்க" என்றான் விற்பவன். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே மட்டும் கருவி மௌனவிரதம். ரூமில் பிரிட்ஜ், பீரோ எல்லாம் அளந்தாயிற்று. 'ஒரிஜினல் பெயின்ட்' என்று எங்கள் மேனேஜர் பீற்றிக்கொண்ட அவர் வண்டியில் வைத்தேன், 380. அன்றிலிருந்து என் சலாமுக்குப் பதில் இல்லை.

பெயின்டுக்குத் தண்ணீர்க் கதை தெரியாது. அதற்கு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை தேட வேண்டும். ஸ்டெப்னி குழியில் வண்டல், சீட்டுக்கடியில் துரு. பாலைவனத்து வண்டியில் சீட்டுக்கடியில் துரு எப்படி வரும்? 'பாஸிங் ஆயிடுச்சு', அதாவது வண்டிச் சோதனை முடிந்தது என்று முல்கியாவை, நம்மூர் ஆர்.சி. மாதிரி, நீட்டுவார்கள். பாஸிங்கில் பிரேக்கும் டயரும் பார்ப்பார்கள். நனைந்த ஒயர் அடுத்த வருஷம் பல்லிளிக்கப்போவதை யார் பார்ப்பது?

வெயிலில் மல்லாந்து சீட்டுக்கடியில் டார்ச் அடிக்கும்போதெல்லாம் உங்கள் நினைப்புதான். பானெட்டைத் திறக்கும் முன்பே, சத்தத்தைக் கேட்டே வண்டியின் கோளாறைச் சொல்லிவிடுவீர்கள். இங்கே எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை மாமா.

ஒரு வெள்ளைக் கார் கிட்டத்தட்டப் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை காலை வீடியோவில் கூப்பிடுகிறேன்; ஸ்டார்ட் செய்து போனை என்ஜினிடம் காட்டுவேன், கேட்டுச் சொல்லுங்கள். அம்மாவிடம் விலையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை