ஞாயிற்றுக்கிழமை கலெக்டர்

கோவைப் பக்கம் டீ குடிக்க வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போகமாட்டார்கள், பேக்கரிக்குப் போவார்கள். காரமடையிலும் அப்படித்தான். மேட்டுப்பாளையம் ரோட்டோரத்தில் ஏதாவது ஒரு பேக்கரியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். ரோட்டைப் பார்த்துப் போட்ட நாற்காலியில், கட்டம் போட்ட லுங்கியும் தோளில் துண்டுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் தேங்காய் பன். கண் மட்டும் ஊட்டிக்குப் போகிற கார்கள் மேல்.

"இந்த வண்டி இந்நேரத்துக்குக் கல்லாறு தாண்டியிருக்கோணும்" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பேக்கரிக்காரர்கள் இவருக்கு வைத்த பெயர் கலெக்டர். பொருத்தமான பெயர்தான். ஊட்டியை வெள்ளைக்காரர்களின் ஊராக்கிய ஜான் சல்லிவன் கோயமுத்தூர் கலெக்டர். 1819இல் மலையேறிப் போய்ப் பார்த்து, கோத்தகிரிப் பக்கம் பங்களா கட்டி, 1824இல் ஊட்டி ஏரி வேலையையும் தொடங்கிவைத்தவர். நம் கலெக்டருக்கு இந்த வரலாறெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒரே ஒரு வித்தியாசம்: அந்தக் கலெக்டர் மேலே ஏறினார்.

வாரத்தில் ஆறு நாள் இவர் கோவையில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். ஏழாம் நாள் லீவு. அந்த ஏழாம் நாள் சும்மா வந்துவிடவில்லை. பம்பாய் மில் தொழிலாளிகளுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து 1890இல் வாங்கிக்கொடுத்த வார விடுமுறை அது. பிறகு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், வாரத்தின் முதல் நாளான ஞாயிற்றுக்கிழமையில், மாற்று லீவு கொடுக்காமல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று எழுதியே வைத்தது. இவ்வளவு பேர் பாடுபட்டு வாங்கிய ஞாயிற்றுக்கிழமையைக் கலெக்டர் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. ரோட்டில் போகிறவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்.

வெளியூர் நம்பர் பிளேட்டோடு ஒரு கார் டீக்கு நின்றால் போதும், ஆபீஸ் திறந்துவிடும்.

"ஏனுங்க, இ-பாஸ் எடுத்துட்டீங்களா?" இதுதான் முதல் கேள்வி. ஊட்டிக்குப் போகிற வண்டிகளுக்கு 2024 மே 7இல் தொடங்கிய நடைமுறை. அடுத்த ஆண்டு கோடைக்கு, வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் எண்ணிக்கையே வகுத்துவிட்டது. "பஸ்ஸுல போனா பாஸே வேண்டாமுங்க" என்று சேர்த்துக்கொள்வார், காரில் வந்தவரிடம். அடுத்த பார்வை பின் சீட்டுக்குப் போகும். "அந்தப் பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை இங்கயே குடிச்சு முடிச்சுப்போடுங்க. மேல கொண்டுபோக உடமாட்டாங்க." சீசன் காலமென்றால் போகிற வழி குன்னூர், வருகிற வழி கோத்தகிரி என்று போலீஸ் மாற்றிவிடுவதையும் சொல்லி, எந்த வளைவில் குழந்தை வாந்தி எடுக்கும் என்பது வரைக்கும் விளக்குவார்.

ரயிலில் போகிறவர் மாட்டினால் இன்னும் கொஞ்சம் நேரமாகும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில். குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கி, 1908இல் ஊட்டியைத் தொட்டது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. "208 வளைவுங்க, 250 பாலமுங்க, 16 குகைங்க" என்று பட்டறையில் நட்டு போல்ட் எண்ணிக் கொடுக்கிற சுத்தத்தோடு ஒப்பிப்பார். பல்சக்கரம் தண்டவாளத்துப் பல்லைக் கவ்வி ஏறும் விதத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்து மரியாதை கலந்துவிடும், தொழில்காரர் அல்லவா! 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். "கையில கொண்டுபோற இட்லியைக் குன்னூருக்குள்ள தின்னு முடிச்சுப்போடோணும்" என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

அந்த ரயிலில் இவர் ஏறியது ஒரே ஒரு தடவை. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில், நின்றிருந்த பெட்டியில், போட்டோ எடுக்க.

வீட்டில் இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. "ஏனுங்க, போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் வழி சொல்றீங்களே, எங்களை எப்பங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று வீட்டுக்கார அம்மா கேட்கும்போதெல்லாம் கலெக்டரிடம் பதில் தயாராக இருக்கும். பதிலின் பெயர் பரளிக்காடு.

பரளிக்காட்டுத் திட்டம் ஒரு பழைய டைரியில் அச்சடித்தது போல இருக்கிறது. காரமடையிலிருந்து வெள்ளியங்காடு வழியாக மலைக்குள் போக வேண்டும். பில்லூர் அணையின் தேங்கு நீரில் பரிசல் சவாரி. 2007 முதல் வனத்துறை நடத்துவது. துடுப்புப் போடுவதும் சமைப்பதும் அந்த மலைக்கிராமத்து ஆட்கள். போனதும் சுக்குக் காப்பி, பிறகு பரிசல், மத்தியானம் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும், அதற்கப்புறம் அத்திக்கடவு ஆற்றில் குளியல். பெரும்பாலும் சனி ஞாயிறில்தான் உண்டு, முன்பதிவு கட்டாயம். ரோட்டில் டீ குடிக்க நின்ற எத்தனையோ பேருக்குப் பதிவு செய்யும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தவர் இவர். அவர்கள் போய்வந்து, நன்றாக இருந்ததென்று போனில் சொல்வார்கள். இவர், "நாஞ் சொன்னனில்லீங்க" என்பார்.

இவர் போவதற்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது. ஒரு மாதக் கணக்கைப் பாருங்கள். முதல் வாரம் சித்தப்பா பேத்திக்குக் காது குத்து. இரண்டாம் வாரம் பட்டறை முதலாளி வீட்டுப் புதுமனை புகுவிழா. மூன்றாம் வாரம் எழவு. நாலாம் வாரம் எல்லாம் கூடிவந்து, பிள்ளைகள் பையில் துண்டு வைத்து முடித்த நேரத்தில், தோட்டத்துக் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடாமல் பரிசலில் உட்கார்ந்தால் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் மனசு ஆறாது. மோட்டார் காயில் கட்டுகிறவர் வீட்டு வாசலில் கழிந்தது அந்த லீவு. பரிசல் ஆசையில் இருந்த மகள், பையிலிருந்த துண்டை வெளியே எடுக்கவே இல்லை. அடுத்த வாரத்துக்கு ஆகுமாம்.

அடுத்த வாரம், பேக்கரியில் சென்னைக் குடும்பமொன்றுக்குக் கோத்தகிரி வழியைச் சொல்லி அனுப்பிக் கை கழுவும்போது போன் வந்தது. மச்சான். தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலில் கெடா வெட்டு. "பெரிய அண்டா உங்க ஊட்லதானுங்க மாமா இருக்குது, எடுத்துட்டு வந்துருங்க."

"போச்சு, இந்த வாரமும் போச்சு" என்று சொல்லிக்கொண்டே கலெக்டர் குட்டியானையை வரவழைத்தார். கொங்கு நாட்டில் குட்டியானை என்றால் நாலு சக்கரம் வைத்த சின்ன லோடு வண்டி. அண்டா, கரண்டி, பாய், இரண்டு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏறின. கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடந்த அதே தேக்கம்பட்டிக்கு, இந்த யானையும் ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தது.

பவானி ஆற்றங்கரை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாலைந்து குடும்பத்துப் புகை ஒன்றாக எழுந்து மரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கெடா விருந்தில் அடுப்பு ஆம்பிளைகள் கையில். கலெக்டர் கறிக்கு உப்புப் பார்த்தார், மறுபடி பார்த்தார், மூன்றாவது தடவை பார்த்தபோது மச்சான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். வீட்டுக்கார அம்மா, இரண்டு நாத்தனார்களோடு, சேலையை லேசாகத் தூக்கிச் செருகிக் கொண்டு தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை.

பில்லூரில் தண்ணீர் திறந்தால் ஆறு சொல்லாமல் ஏறும் என்பது இவருக்குத் தெரியும். "கணுக்காலுக்கு மேல யாரும் எறங்கப்படாது சாமி" என்று பிள்ளைகளைக் கரையோரமாகவே நிறுத்தி, தட்டைக் கல்லாகப் பொறுக்கித் தவளை விடச் சொல்லிக்கொடுத்தார். மகள் விட்ட கல் ஐந்து தத்தல் தத்தியது. இவருடையது மூன்றோடு மூழ்கியது. காற்று எதிர்க்காற்று என்று காரணம் சொன்னார். சாப்பிட்டு, ஒரு கை சீட்டு ஆடி, பாயை விரித்து மரத்தடியில் படுத்தவர், மச்சானே எழுப்பும் வரை மூன்று மணி நேரம் தூங்கினார். பையிலிருந்த துண்டும் அன்றைக்கு நனைந்துவிட்டது.

பொழுதோடு திரும்பி, அண்டாவை இறக்கிவைத்துவிட்டு, கலெக்டர் மறுபடி பேக்கரிக்கு வந்து உட்கார்ந்தார். காலையில் போன சென்னைக் கார் எதிர்ப்பக்கமிருந்து வந்து நின்றது. இறங்கியவருக்கு முகம் வாடிக் கிடந்தது. மலையேறவே மதியமாகிவிட்டதாம், ஏரியில் படகுக்கு வரிசை, சாப்பிட உட்கார இடமில்லை, சின்னவன் இரண்டு தடவை வாந்தி. டீயை ஒரு வாய் குடித்த பிறகுதான், எதிரே ஈரத் தலையும் வெற்றிலைச் சிவப்பு வாயுமாக உட்கார்ந்திருந்தவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானே காலையில வழி சொன்னது? இவ்வளவு பக்கத்துல இருக்கீங்க, மாசாமாசம் போய் என்ஜாய் பண்ணிட்டு வருவீங்க போல?"

கலெக்டர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"எங்கீங்க... நமக்கெல்லாம் லீவே கெடைக்கறதில்லீங்களே."