அது பேனா இல்லை

டி.வி. தொடரில் வந்த மால்குடிச் சிறுவன் சுவாமியை நாங்கள் இந்தியில்தான் பார்த்தோம். கதையை எழுதிய ஆர்.கே.நாராயண் புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். எழுதியதோ ஆங்கிலத்தில். படமாக்கியவர் கன்னடத்து சங்கர் நாக். படமாக்கிய ஊர் ஆகும்பே. எண்பதுகளில் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்பியபோது, செங்கல்பட்டில் எங்கள் தெருவின் ஒரே டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்த 28 பேருக்கும் சேர்த்துத் தெரிந்த இந்தி, 'நஹி'.

"பேரு சுவாமிங்கிறாங்க, சிநேகிதன் மணிங்கிறாங்க. இந்தப் பிள்ளைக்கு எதுக்கு இந்தி?" என்று என் பாட்டி வாராவாரம் கேட்பாள்.

எல்.வைத்தியநாதனின் 'தானனா' மெட்டு வரைக்கும் கஷ்டமில்லை. அதைத் தெருவே சேர்ந்து பாடும். பேச்சு தொடங்கினால்தான் வம்பு. அதற்கு எதிர்வீட்டு அக்கா இருந்தாள், இந்தியில் 'பிராத்மிக்' பாஸ். சுவாமி ஒரு நிமிஷம் மூச்சுவிடாமல் மணியிடம் புலம்புவான். அக்கா கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அது பேனா இல்லைங்கிறான்" என்பாள். பாடப்புத்தகத்தில் பேனா, மேஜை, நாற்காலியைத் தாண்டி அவளுக்கு எதுவும் மனசில் நிற்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. காந்தி 1918-இல் தொடங்கிவைத்த இந்திப் பிரச்சார சபாவில் பரீட்சை எழுதியவள் பொய் சொல்வாளா?

அக்காவே தேவைப்படாத கதை ஒன்று வந்தது. பேப்பரில் எதையோ படித்துவிட்டு, சுவாமியின் அப்பாவாக வரும் கிரீஷ் கார்னாட் அவனைத் தனியறையில் படுக்க அனுப்புகிறார். பையன் நடுங்கிப்போய் ஒளிந்துகொள்கிறான். இருட்டில் ஓர் உருவம். காலைப் பிடித்து ஒரே கடி. பார்த்தால், திருடன்! விடிந்ததும் சுவாமி ஊருக்கே வீரன்.

என் அப்பா அன்றிரவே என் பாயைச் சுருட்டி முன்னறையில் போட்டார். "பத்து வயசாகுது, இன்னும் என்னடா பாட்டி முந்தானை?"

நான் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டேன். நடுராத்திரியில் தொப் தொப்பென்று காலடி. ஒரு வேட்டி விளிம்பு மூக்கில் உரசியது. சுவாமியை நினைத்துக்கொண்டு கெண்டைக்காலைக் கவ்வினேன்.

பையன் பயந்திருப்பானோ என்று பார்க்க வந்த அப்பா போட்ட அலறலில் பக்கத்து வீட்டு விளக்குகள் எரிந்தன.

மறுநாள் நொண்டிக்கொண்டே ஆபீஸ் போனவர், கௌரவம் கருதி "நாய் கடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஆபீஸே திரண்டு, கையோடு லீவு எழுதி வாங்கிக்கொண்டு அவரை விரட்டியது. ஆஸ்பத்திரிக்குத் துணையாக அப்பா என்னைத்தான் கூட்டிப்போனார். கடித்த நாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"நாய் உயிரோட இருக்கா? 10 நாள் கவனிக்கணும்" என்றார் டாக்டர்.

"இருக்கு சார்."

"ஒழுங்கா சாப்பிடுதா?"

"காலையில ஆறு இட்லி."

"தண்ணியைக் கண்டா பயப்படுதா?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "குளிக்கக் கூப்பிட்டா மட்டும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். 14 ஊசிக்கு முன்னால் கௌரவம் எம்மாத்திரம்? அப்பா உள்ளதைச் சொல்லிவிட்டார். டாக்டர் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானும் பார்த்தேங்க. திருடனைப் பிடிச்ச அப்புறம் அந்தப் பையன் என்னமோ சொல்றானே, அது என்ன? எனக்கு இந்தி வராது."

அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை.

"அது பேனா இல்லைங்கிறான், சார்."