மான் கட்சி மாப்பிள்ளைக்கு

பசியாறிட்டீங்களா மாப்பிள்ளே? இல்லன்னா முதல்ல பசியாறுங்க. வெறும் வயித்துல நெகிரி செம்பிலான் டீமைப் பத்திப் பேசினா குடல் புண்ணு வரும்.

என் பேத்தியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி சாதகம் பார்த்தோம். சம்பளம் கேட்டோம். தண்ணி போடுவீங்களான்னு சிரம்பான்ல நாலு பேருகிட்ட விசாரிச்சோம். எந்த டீமுன்னு கேக்கணும்னு இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தோணல. தாலி ஏறினப்புறம்தான் தெரியுது, மாப்பிள்ளை மான் கட்சி. நாங்களோ ஜொகூர்க்காரங்க, தெற்குப் புலி. ராத்திரி டிவி முன்னால நீங்க "ஹோபின் ஜாங் ஹோபின்"னு கோஷம் போட ஆரம்பிச்சு, அரை மணி நேரத்துல தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காருறதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். 2023-லயும் சரி, 2024-25-லயும் சரி, பட்டியல்ல உங்க டீமைக் கண்டுபிடிக்க விரலை மேல இருந்து கீழ இறக்கிக்கிட்டே போக வேண்டியிருந்துச்சு. பேத்தி வந்து, "தாத்தா, அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்லுங்க"ங்கிறா.

ஆறுதல் சொல்லிப் பழக்கமில்ல எனக்கு. அடுத்த சீசனை நம்புறதுக்குக் காரணம் வேணும்னா தரேன். எடுத்துக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம்.

முதல் காரணம், உங்க டீமு இன்னும் உயிரோட இருக்கு. சிரிக்காதீங்க. இந்த நாட்டுல அதுவே பெரிய சாதனை. 2025-ல என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்கல்ல? கெடாவுக்கு லைசென்சே கிடைக்கல. பேராக் விலகிக்கிச்சு. ஸ்ரீ பகாங்கும் நடையைக் கட்டிருச்சு. மூணும் கோப்பை தூக்கின ஊரு. கெடாவுல பையனுங்க மாசக்கணக்கா சம்பளத்துக்குக் காத்துக்கிடந்தாங்க. அதனால அடுத்த சீசன் தொடங்கும்போது, "எந்த ஸ்டிரைக்கர் வர்றான்?"னு கேக்காதீங்க. "போன மாசச் சம்பளம் ஏறிடுச்சா?"ன்னு கேளுங்க. ஏறிடுச்சுன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு. மிச்சப் பாதியைத் தாண்டணும்னா கொஞ்சம் பந்து ஆடத் தெரியணும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

நம்ம ஆளுங்க டீமு ஒண்ணு இருந்துச்சே, மிஃபா. ஞாபகம் இருக்கா? பேரு மாத்தி பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆச்சு. 2019-ல இருந்து 2022 வரைக்கும் சூப்பர் லீக்ல ஆடிச்சு. கடைசிக் காலத்துல வெளிநாட்டு ஆளே வேணாம்னு உள்ளூர்ப் பையன்களை மட்டும் வச்சு ஆடிப் பாத்தாங்க. 2022 முடிஞ்சதும் கடையைச் சாத்திட்டாங்க. அப்புறம் பாக்கணுமே! கல்யாண வீடு, காரியம், கோயில் திருவிழா, எங்க போனாலும் "நம்ம டீமு போச்சே, நம்ம இனத்துக்கே போச்சே"ன்னு ஒரே ஒப்பாரி. அழுதவங்கள்ல ஒருத்தரைப் பிடிச்சு, "ஐயா, எத்தனை தடவை டிக்கெட் எடுத்துப் போய்ப் பாத்தீங்க?"ன்னேன். மனுசன் சோத்துல கை வச்சுக்கிட்டே யோசிக்கிறாரு, யோசிக்கிறாரு, ரசம் வந்துருச்சு. பதில் வரல. மிஃபா ஆடின ராத்திரியில அவரு வீட்டுல லிவர்பூல் ஆட்டம் ஓடியிருக்கும். நீங்க பரவாயில்ல மாப்பிள்ளே, தோத்தாலும் பாரோய் ஸ்டேடியம் வரைக்கும் போய்த் தோத்துட்டு வர்றீங்க.

இரண்டாவது காரணம் உங்க ஊர் சரித்திரத்துலயே இருக்கு. நெகிரி செம்பிலான் மலேசியக் கோப்பையை 1948-ல ஜெயிச்சுது. அப்பல்லாம் அதுக்கு மலாயாக் கோப்பைன்னு பேரு. அடுத்த தடவை ஜெயிச்சது எப்ப? 2009-ல. நடுவுல 61 வருஷம்! நாடு சுதந்திரம் வாங்கிருச்சு, ரப்பர் தோட்டமெல்லாம் செம்பனையாச்சு, உங்கப்பா பொறந்து பெரியாளாகி உங்களையும் பெத்துட்டாரு. இவ்வளவு காலம் பொறுத்த ஊர்க்காரங்க நீங்க, ரெண்டு மூணு சீசன் சரியில்லன்னு சோத்துத் தட்டைத் தள்ளி விடலாமா? 2009, 2010, 2011, மூணு வருஷம் தொடர்ந்து பைனலுக்குப் போய் ரெண்டுல ஜெயிச்சீங்க. அந்த மூணு வருஷத்தை மனசுல வச்சுக்கங்க, அதுக்கு அப்புறம் வர்றேன்.

எங்க கதையைக் கேளுங்க இப்ப. இன்னிக்கு ஜொகூர்னா எல்லாருக்கும் பயம். 2014-ல இருந்து 2024-25 வரைக்கும் லீக் கோப்பை 11 தடவை வரிசையா இங்கதான் வந்துச்சு. 2023-ல ஒரு லீக் ஆட்டம்கூடத் தோக்கல. ஆனா உங்க வயசுல நான் பாத்த ஜொகூர் வேற. 1985-ல முதல்முறையா மலேசியக் கோப்பை. 1991-ல லீக், மலேசியக் கோப்பை ரெண்டும். ஆஸ்திரேலியாவுல இருந்து அப்பாஸ் சாட், அலிஸ்டர் எட்வர்ட்ஸ்னு ரெண்டு பேரு வந்திருந்தாங்க. எங்க தோட்டத்துல அந்த வருஷம் பொறந்த பையன்ல பாதிப் பேருக்கு வீட்டுல செல்லப்பேரு அப்பாஸ்தான். அத்தோட சரி. 1998-ல எப்.ஏ. கோப்பை ஒண்ணு. லீக் கோப்பை மறுபடி வர 23 வருஷம் ஆச்சு.

அந்த நடுவுக் காலத்துல லார்கின் ஸ்டேடியத்துக்குப் போயிருக்கேன். மழை தூறல். எனக்குப் பக்கத்துல கச்சாங் பூத்தே விக்கிற நம்ம ஆளு ஒருத்தரு. பாதி ஆட்டத்துல தட்டை மூடித் துணியைக் கட்டிட்டாரு. "ஏன் அண்ணே, இன்னும் 45 நிமிஷம் இருக்கே"ன்னேன். சுத்தி ஒரு பார்வை பாத்தாரு. "தம்பி, ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கிறாங்க, அவன் நிக்கணும். உனக்கும் எனக்கும் என்ன தலையெழுத்து?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. நான் உக்காந்திருந்தேன். பஸ் காசு கொடுத்தாச்சே.

காசைக் கொட்டினதும் விடிஞ்சிருச்சுன்னு நினைக்காதீங்க. 2012-ல ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயில் டீமைக் கையில எடுத்தாரு. 2013-ல பேரு மாறுச்சு, கூடவே டானி குயிசா வந்தாரு, 2008-ல ஸ்பெயினோட ஐரோப்பியக் கோப்பை ஜெயிச்சவரு. சரி, இனி நம்ம ராஜ்யம்தான்னு கோப்பிக் கடையில மார்தட்டினோம். எப்.ஏ. கோப்பை பைனல்ல கிளந்தான் ஒண்ணுக்குப் பூஜ்யம்னு அடிச்சுட்டுப் போயிட்டான். 2014-ல அதைவிடப் பெரிய தலை, பாப்லோ ஐமார். மெஸ்ஸி சின்ன வயசுல யாரைப் பாத்து வளர்ந்தாரோ, அந்த ஐமார். காலு ஒத்துழைக்கல, ஏப்ரல்லயே கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க. அதே மாசம் போஜான் ஹோடாக் பயிற்சியாளரா வந்தாரு. அந்த வருஷம் லீக் எங்களுக்கு! பெரிய பேரு போனப்புறம்தான் கோப்பை வந்துச்சு. காசுக்கும் அதுல பங்கு இருக்கு, இல்லங்கல. அதை ஸ்டிரைக்கர் மேல மட்டும் கொட்டாம திடல், பயிற்சிக் கூடம், சின்னப் பையன்க டீமுன்னு விதைச்சாங்க.

உங்க ஆளுங்க விதைக்கிற லட்சணம் எப்படி? கே. தேவன் பயிற்சியாளரா இருந்தாரு. 2021-ல இரண்டாம் பிரிவுல உங்களை முதலாவதா கொண்டாந்தாரு. 2022-ல சூப்பர் லீக்ல நாலாவது இடம். நல்லாத்தான போச்சு? ஆனா விதைச்சா மட்டும் போதாது, பொறுமையும் வேணும். ரப்பர் கன்னு நட்டா ஆறேழு வருஷம் கழிச்சுத்தான் கத்தி வைக்க முடியும். இந்த நாட்டு டீமுங்க நட்டு மூணாம் மாசமே பால் வரலன்னு கன்னைப் பிடுங்கி வேரைப் பாக்குதுங்க. அடுத்த சீசன் உங்க பயிற்சியாளர் முதல் அஞ்சு ஆட்டம் தோத்தும் நாற்காலியில உக்காந்திருந்தாருன்னா, அன்னிக்கு நீங்க தேங்கா உடைக்கலாம்.

தோத்ததும் நாற்காலியைப் பிடுங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்றேன். 2010 டிசம்பர், தென்கிழக்காசிய நாடுகளோட சுசுகிக் கோப்பை. மலேசியா முதல் ஆட்டத்துல ஜக்கார்த்தாவுல இந்தோனேசியாகிட்ட 5-1-னு வாங்கிக் கட்டிக்கிச்சு. பயிற்சியாளர் கே. ராஜகோபால். அன்னிக்கு ராத்திரி எங்க கோப்பிக் கடையில ராஜகோபாலை வெட்டிக் கூறு போட்டாங்க. "இவனை யாரு வச்சது?"ன்னு கேட்டவன் யாருன்னு நினைக்கிறீங்க? நம்மாளுதான். அதே மாசம் 26-ஆம் தேதி பைனலோட முதல் ஆட்டம், அதே இந்தோனேசியா, புக்கிட் ஜாலில்ல நாம 3-0-னு ஜெயிச்சோம். 29-ஆம் தேதி ஜக்கார்த்தாவுல 2-1-னு தோத்தோம், ஆனா மொத்தக் கணக்குல 4-2, கோப்பை நமக்கு. மலேசியாவுக்கு அந்தக் கோப்பை அதுதான் முதல் தடவை. சாபி சாலி அஞ்சு கோல். மறுநாள் காலையில அதே கடை, அதே ஆளு, "நம்ம ராஜகோபால் சாதிச்சுட்டாருய்யா"ன்னு எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தர்றான். தோத்தப்ப இவன், ஜெயிச்சப்ப நம்ம ராஜகோபால்.

இப்ப, மனசுல வைக்கச் சொன்னேனே, அந்த மூணு வருஷம். 2009-ல இருந்து 2011 வரைக்கும் நம்ம லீக்ல வெளிநாட்டு ஆட்டக்காரங்களை நிறுத்தி வச்சிருந்தாங்க. உங்க டீமு ரெண்டு கோப்பை தூக்கினது எப்ப? 2009, 2011. ராஜகோபால் கோப்பை? 2010. வெளிநாட்டு ஆளே ஆகாதுன்னு நான் சொல்லல, அப்பாஸ் சாட் போட்ட உப்பு எங்க உடம்புல இருக்கு. ஆனா காசு இல்லாத டீமுக்கு, கோல் அடிக்கிற இடத்துல உள்ளூர்ப் பையன் நிக்க வாய்ப்பு வந்தப்பதான் விடிஞ்சிருக்கு. சிரம்பான் தாமான்கள்ல சாயங்காலம் திடலுக்குப் போய்ப் பாருங்க, பந்தும் காலுமா எத்தனை பையன் அலையுறான்னு.

அதை விட்டுட்டுத் தாத்தா தேடிப் போகாதீங்க. அந்தக் கூத்து தெரியும்ல? வெளிநாட்டுல பொறந்த ஏழு பேரைத் தேசிய டீமுக்குக் கொண்டாந்தாங்க. தாத்தா பாட்டி மலேசியாவுல பொறந்தவங்கன்னு காகிதம் காட்டினாங்க. 2025 செப்டம்பர்ல ஃபீபா, காகிதம் பொய்னு சொல்லி ஏழு பேருக்கும் ஒரு வருஷத் தடை, மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு அபராதம் போட்டுச்சு. அசல்ல அந்தத் தாத்தா பாட்டிங்க பொறந்தது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்துன்னு ஃபீபா சொல்லுது. அலுவலகத்துல நடந்த தவறுன்னு சங்கம் சொல்லிச்சு. ஏழுல மூணு பேரு எங்க ஜொகூர் சட்டை போட்டவங்க, அதனால நான் சத்தமாப் பேச முடியாது. மெதுவாச் சொல்றேன். எங்க லயத்துல ஒரு கிழவி. இங்கேயே பொறந்து, நாப்பது வருஷம் பால் வெட்டினவ. குடியுரிமை இல்லாதவங்களுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் பதிவிலாகாவுக்கு நடந்து நடந்து செருப்புத் தேஞ்சுது. அவளுக்கு அவ பொறந்த சான்றிதழே கிடைக்கல. அவனுங்களுக்குத் தாத்தா பொறந்த சான்றிதழே கிடைச்சிருச்சு. பந்து உதைக்கத் தெரியாம போச்சே அவளுக்கு.

கடைசியா ஒண்ணு. இதை நான் சொன்னேன்னு வெளியே சொல்லிடாதீங்க. ஜெயிச்சு ஜெயிச்சு எங்களுக்கு அலுத்துப் போச்சு மாப்பிள்ளே. இஸ்கந்தர் புத்திரியில 2020-ல திறந்த புது ஸ்டேடியத்தை வாழை இலை மாதிரி கட்டியிருக்காங்க. பொருத்தம்தான். விருந்து எங்களுக்கு, எச்சில் இலை எடுக்கிறது வர்றவனுக்கு. ஆனா தினம் விருந்துன்னா யாருக்கு நாக்கு ருசிக்கும்? முன்னாடியெல்லாம் ஸ்டேடியத்துக்குப் போறவன் "ஜெயிப்போமா?"ன்னு கேப்பான். இப்ப "எத்தனை?"ன்னு கேக்குறான். மூணு கோல்னா முகத்தைச் சுளிக்கிறான். நீங்க ஒரு டிராவுக்கு வீட்டுல குதிச்ச குதியில என் பல்செட்டு தண்ணி டம்ளரோட கவுந்துச்சே, அந்தக் குதி குதிச்சு எங்களுக்கு வருஷக் கணக்காச்சு. அப்புறம், புலி புலின்னு ரொம்ப மார்தட்டவும் பயமா இருக்கு. நிஜக் காட்டுல மலாயாப் புலி 150-க்கும் கீழ வந்துருச்சாம். எண்டாவ் ரொம்பின்ல காமிரா கட்டித் தேடுறாங்க.

அதனால இப்படிச் செய்வோம். அடுத்த சீசன் உங்க டீமு இங்க ஆட வரும்போது டிக்கெட் என் செலவு. நீங்க மான் சட்டையைப் போட்டுக்கங்க, நான் சாதாச் சட்டையில வர்றேன். வெளியூர் ரசிகருங்க பக்கமே உக்காருவோம், அங்கதான் காலை நீட்ட இடம் இருக்கும். உங்க ஆளுங்க ஒரு கோல் போட்டாங்கன்னா வீடு திரும்புற வரைக்கும் பெட்ரோல் காசும் என்னது. ரெண்டு போட்டாங்கன்னா, பேத்திகிட்டச் சொல்லி எனக்குக் கொஞ்சம் பிரஷர் மாத்திரை எடுத்து வைக்கச் சொல்லுங்க.