பாரிஸ் போய் வந்தவர்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவராவது இருப்பார். நீங்கள் பாஸ்போர்ட் புதுப்பித்த சேதி லிஃப்டுக்குள் கசிந்த அன்று மாலையே உங்கள் வீட்டு மணி அடிக்கும். “பாரிஸா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்!” என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். காபி வருவதற்குள் ஈஃபில் கோபுரம் வந்துவிடும்.

அவர் போனது எட்டு நாடு, பதினோரு நாள் பேக்கேஜில். அதில் பாரிஸுக்கு வாய்த்தது ஒன்றரை நாள். அந்த அரை நாளும் வழிகாட்டி கூட்டிப்போன சென்ட் கடையில் கழிந்தது. ஆனால் பேச்சைக் கேட்டால், பாரிஸின் இருபது வட்டங்களுக்கும் கவுன்சிலராக இருந்துவிட்டு இப்போதுதான் ராஜினாமா செய்தவர் மாதிரி இருக்கும். (வட்டங்கள் நிஜமாகவே இருபதுதான். விடுதியின் அஞ்சல் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் வட்டத்தைச் சொல்லிவிடும். 75001 என்றால் முதல் வட்டம், ஊரின் நட்ட நடு. அறை பிடிக்கிறவர்களுக்கு உதவும் விஷயம். இவர் சொல்ல மாட்டார். இவரை பஸ் இறக்கிவிட்ட விடுதி எந்த வட்டத்திலும் இல்லை.)

“லூவ்ருக்கு செவ்வாய்க்கிழமை போங்க சார். கதவுகிட்ட ஒரு ஈ காக்கா இருக்காது. பிரமிடு முன்னாடி நின்னு நிம்மதியா போட்டோ எடுத்துக்கிட்டேன்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை. மற்ற நாட்களில் லூவ்ருக்குப் போகிறவர்கள் நேரம் குறித்து இணையத்தில் முன்கூட்டியே சீட்டு வாங்கிவிட வேண்டும். 2026 ஜனவரி முதல் நம்மைப் போல ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. “மோனா லிசா பார்த்தீங்களா?” என்று யாராவது கேட்டால் ஒரு விநாடிகூடத் தடுமாற மாட்டார். “பார்த்தேனே. ரொம்பச் சின்னது சார்!” ஓவியம் சின்னதுதான், 77-க்கு 53 சென்டிமீட்டர். இவர் பார்த்தது அதைவிடவும் சின்னது. சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து ஆகஸ்ட். “ஆகஸ்ட்ல போங்க, ரோடெல்லாம் காலி!” காலிதான். ஊர்க்காரர்கள் விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். கூடவே தெருமுனை ரொட்டிக்கடைக்காரரும் பூட்டிவிட்டுப் போயிருப்பார். விமான டிக்கெட்டிலும் இவருக்கு ஒரு ரகசியம் உண்டு. “‘பாரிஸ் போவே’ன்னு ஒரு சின்ன ஏர்போர்ட் இருக்கு. டிக்கெட் பாதி விலை!” அது நகரத்திலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டு சென்னை வந்தாச்சு என்று சொல்கிற கதை. மிச்சம் பிடித்த காசு பஸ்ஸுக்கும் பொழுதுக்கும் சரியாகிவிடும்.

பாரிஸில் இவர் எதையும் ரசித்ததாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நூறால் பெருக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். “ஒரு பாட்டில் தண்ணி ஆறு யூரோ சார்! அறுநூறு ரூவா!” இந்த அறுநூறு ரூபாயை இவர் மறக்கவே போவதில்லை. பிரான்ஸில் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தால் குழாய்த் தண்ணீர் இலவசம். “கராஃப் தோ” என்று கேட்டால் கண்ணாடிக் கூஜாவில் கொண்டுவந்து வைப்பார்கள். சேவைக் கட்டணமும் பில்லிலேயே அடக்கம். இவரோ கௌரவத்துக்காகப் பத்து சதவீதம் டிப்ஸ் வைத்துவிட்டு, அதையும் நூறால் பெருக்கி ராத்திரி தூங்காமல் கிடந்தவர்.

“பிரெஞ்சுக்காரனுக்குத் திமிர் சார், நம்மகிட்ட பேசவே மாட்டான்” என்பதும் தவறாமல் வரும். கடைக்குள் நுழைந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி ‘ஹவ் மச்’. அங்கே வாசலில் கால் வைத்ததுமே ‘போன்ஜூர்’ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கடைக்காரர் கண்ணுக்கு நாம்தான் திமிர் பிடித்தவர்கள். இதை இவருடைய மனைவி முதல் நாளே கவனித்துவிட்டார். போகிற இடமெல்லாம் ஒரு போன்ஜூர், ஒரு சிரிப்பு, போதாதா? ஈஃபில் கோபுர வரிசையில் முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மாவிடமும் பேச்சுக் கொடுத்திருக்கிறார். “எங்கட லாச்சப்பல் பக்கம் வரேல்லையோ?” என்று அந்த அம்மா கேட்ட பிறகுதான், வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் தமிழ்ப் பலகை மாட்டிய கடைகளும், தோசையும் கொத்து ரொட்டியும், கோடை முடிகிற நேரத்தில் தேர் ஓடும் பிள்ளையார் கோயிலும் இருப்பது தெரிந்திருக்கிறது. கணவர் அந்த நேரத்தில் புளிக்காய்ச்சல் பாட்டிலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

திருட்டு விஷயத்தில் மட்டும் இவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. மெட்ரோவிலும் கோபுரத்தடியிலும் ஜேப்படி அதிகம். கையெழுத்து கேட்டு அட்டை நீட்டுகிறவர்களிடமும், மோன்மார்த்ர் படிக்கட்டில் மணிக்கட்டைப் பிடித்துக் கயிறு கட்ட வருகிறவர்களிடமும் நிற்காமல் நடக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டுக்குள் பாஸ்போர்ட், சட்டைக்குள் பர்ஸ், சாக்ஸுக்குள் அவசரத்துக்கு ஐம்பது யூரோ என்று கோட்டை கட்டிக்கொண்டு போன மனிதர் இவர். ஒரு பைசா களவு போகவில்லை.

சொல்லி முடித்ததும் வலது கையை நீட்டி மோதிரத்தைக் காட்டுவார். சேன் நதிக்கரையில் நடக்கும்போது ஒரு ஆள் இவர் காலடியில் குனிந்து எடுத்தானாம். “உங்களுடையதா?” என்று கேட்டானாம். “இல்லை” என்றதும், “எனக்கு விரலில் ஏறவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்கு ஏதாவது கொடுங்கள்” என்றானாம். “இருபது யூரோவுக்கு முடிச்சுட்டேன் சார். பதினெட்டு காரட்! பாவம், விவரம் இல்லாத பய.” அந்த நதிக்கரையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் காலடியில் இதே மாதிரி மோதிரம் கிடைக்கிறது, எல்லாம் எப்படிப் பித்தளையாகவே இருக்கிறது என்பது இவருக்குத் தெரியாது. விரல் பச்சையானதற்கு ஐரோப்பியக் குளிர்தான் காரணம் என்கிறார்.

விசாவுக்கும் இவரிடம் யோசனை உண்டு: “கடைசி நேரத்துல போங்க, கூட்டம் இருக்காது.” நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் கீழே போகக் கூடாது. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். மற்றபடி இவர் வந்தால் காபி கொடுங்கள், தலையாட்டுங்கள். சந்தேகங்களை அவர் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மோதிரத்தைப் பற்றி மட்டும் அவரிடமும் கேட்க வேண்டாம். வீட்டில் அந்தப் பேச்சை அவர் எடுப்பதில்லை.